ஆறு பேர் மேசை

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என் எண்ணை அடைத்துவிட்டாய். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டேன். ஆசையாக "அம்மா?" என்றாய், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். இன்னொரு தடவை கூப்பிட்டு, அந்த எண்ணையும் நீ அடைத்துவிட்டால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று பயமாகிவிட்டது. அதனால்தான் தபால். தபாலாபீஸில் இருந்தவர், "இந்தக் காலத்துல கடுதாசியா? யாரு தம்பி, காதலா?" என்றார். "இல்லீங்க, அக்காவுக்கு" என்றேன். மனுஷர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

அக்கா, உன் வங்கிக் கணக்கு முடங்கியது என்னால்தான். உனக்குத் தெரியும். ஆனால் இதுவரை போனில் எல்லாவற்றையும் சுற்றி வளைத்தே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையாவது நேராக எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே அரசாங்கம் பணம் வைத்துச் சீட்டாடும் போக்கர் இணையதளங்களை எல்லாம் மூடியது. தளத்தைத் திறந்தால் 'உங்கள் நாட்டில் அனுமதி இல்லை' என்று வரும். வங்கி அட்டையைக் கொடுத்தால் துப்பிவிடும். என்னோடு ஆடியவர்களில் சிலர் எல்லை தாண்டிப் போய் அறை எடுத்துத் தங்கினார்கள். சிலர் வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் செயலியைப் போட்டு ஆடி மாட்டிக்கொண்டார்கள். ஒழுங்கானவர்கள் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். நான் ஒருத்தன்தான் தடை இல்லாத நாட்டில் இருக்கும் அக்காவைத் தேடினேன்.

"அக்கா, வெளிநாட்டுக் கம்பெனி வேலைக்கு ஒரு முகவரிச் சான்று வேணும்" என்று சொல்லி உன் அடையாள அட்டையை வாங்கினேன். உன் பெயரில் கணக்குத் தொடங்கினேன். உன் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியை வைக்கச் சொல்லி, இங்கிருந்தே அதை இயக்கி ஆடினேன். தளத்துக்கு உன் வீடு தெரிந்தது, உன் முகம் தெரிந்தது. சீட்டைப் பிடித்தது மட்டும் நான். சரிபார்க்கும் எண் தபாலில் உன் கைக்கு வந்தபோதுதான் உனக்கு விஷயமே தெரிந்தது. நீ திட்டினாய். நான் அழுதேன். நீ இறங்கி வந்தாய். அந்த அழுகையில் பாதி நடிப்பு, அக்கா. இதை எழுதும்போது கை கூசுகிறது.

வங்கி என்ன கேட்கிறது, நான் என்ன செய்யவேண்டும், சொல். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

காலில் விழுவாயாம்! நீ அங்கே விழுந்தால் இங்கே கணக்கு திறக்குமா? வசனமெல்லாம் அம்மாவிடம் வைத்துக்கொள்.

போனில் பேசமாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும், அதை வைத்துத்தான் இத்தனை நாள் நீ காரியம் சாதித்தாய். காகிதத்தில் நீ இருமுவதும் மூக்கை உறிஞ்சுவதும் கேட்காது. அது எனக்கு நல்லது.

வங்கியில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி. என் மகன் வயசுகூட இருக்காது, எனக்கு மகன் இருந்திருந்தால். தாளைப் புரட்டிக்கொண்டே, "மேடம், இதெல்லாம் சீட்டாட்டத்துல வந்த பணமா? வந்த மறுநாளே நாலஞ்சு பேருக்குப் பிரிச்சு அனுப்பியிருக்கீங்க, அவங்கல்லாம் யாரு?" என்று கேட்டான். அனுப்பியது நீ, வங்கிக் கடவுச்சொல்லும் உன்னிடம்தானே இருந்தது. மெதுவாகக் கேட்டிருந்தால் உயிரா போயிருக்கும்? எனக்குப் பின்னால் வரிசையில் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் நான் வேலை பார்க்கும் மருந்தகத்துக்கு வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், அந்தத் தாளை அவளும் படித்த மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். அது கூட்டுக் கணக்கு. நானும் உன் அத்தானும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு விளக்கம் கொடுத்தால்தான் திறப்பார்களாம். அவர் கப்பலில் என்ஜின் அறையில் வெந்து சம்பாதிக்கும் சம்பளம் மாசா மாசம் உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை, உண்டியல் மாதிரி. ஜூன் முதல் வாரம் இறங்குகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "ஏங்க, உங்க சம்பளத்தை என் தம்பியோட சூதாட்டத்துல மாட்டவிட்டுட்டேன், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று எந்த வாயால் சொல்வேன்? அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? எனக்கு இருப்பது இந்த ஒரே கவலைதான். பணம் போனால் போகட்டும், அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடக்கூடாது.

நான் மட்டும் யோக்கியமா? கணினியை வைத்துக்கொள்வதற்கு வாடகை மாதிரி மாசம் ஒரு தொகை கொடுத்தாய். வாங்கினேன். துவைக்கும் இயந்திரம் வாங்கினேன். ஆஸ்பத்திரியில் போனஸ் கொடுத்தார்கள் என்று அவரிடம் சொன்னேன். அந்த இயந்திரத்தின் மேல்தான் உன் கணினி இருபத்துநாலு மணி நேரமும் முனகிக்கொண்டிருந்தது.

போன நவம்பரில் தளத்துக்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது. 'கணக்கு உங்களுடையதுதான் என்றால் கேமரா முன்னால் ஒரு மணி நேரம் ஆடிக் காட்டுங்கள்' என்றார்கள். அன்றைக்கே போதும்டா சாமி என்று இழுத்து மூடியிருக்கவேண்டும். "உள்ளே பணம் நிக்குதுக்கா, இந்த ஒரே தடவை" என்று கெஞ்சினாய். எந்தச் சீட்டை ஆடலாம், எதை ஆடாமல் கவிழ்த்து வைக்கவேண்டும் என்று ஒரு அட்டவணை அனுப்பினாய். மருந்து அளவு மனப்பாடம் பண்ணுகிற மாதிரி இரண்டு வாரம் மனப்பாடம் பண்ணினேன். திரையில் ஒரு பெண், "கேமராவைச் சுத்திக் காட்டுங்க, கையை மேசை மேல வைங்க" என்றாள். திருடியைச் சோதிப்பது மாதிரி. கடைசியில், "ரொம்ப நிதானமா ஆடுறீங்க" என்று பாராட்டினாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி சந்தோஷமாக இருந்தது. அந்தப் பணம் வந்துதான் வங்கி முழித்துக்கொண்டது.

நீ ஒரு காசும் அனுப்பாதே. உன் பக்கத்திலிருந்து ஏதாவது வந்தால் அதற்கும் சேர்த்துக் கேட்பார்கள்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

விட்டுவிட்டேன். பல்செட் செய்யும் பழைய லேபுக்கே வேலைக்குப் போகிறேன். முன்னால் நான் மேல்வரிசைப் பற்களை அடுக்கிக் கடி சரிபார்க்கிற ஆள். இப்போது செட்டுகளை வாங்கி மெருகு போடும் வேலை. முதலாளி என்னை நிற்கவைத்து, "ரெண்டு வருஷம் எங்கேப்பா போயிருந்தே?" என்றார். வெளிநாட்டுக் கம்பெனி என்றேன். "அங்க பல்லு இல்லியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வாயெல்லாம் மெருகுப் பொடி.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் தோற்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வேன் இல்லையா, அது என் மேனேஜர் திட்டுவதால் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் எல்லாம், "என் பையனோட மேனேஜர் ராட்சசன்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அப்புறம், "அப்ப அந்த மேனேஜரு?" என்றாள். "மேனேஜரே கிடையாதும்மா" என்றேன். "நான் அவனை எவ்வளவு சாபம் விட்டிருக்கேன் தெரியுமாடா" என்றாள். அந்தச் சாபமெல்லாம் யார்மேல் விழுந்திருக்கும் என்று இரண்டு பேருக்குமே புரிந்தது. அவள் எழுந்து போய்விட்டாள்.

"அக்காவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். உன்னை அதில் இழுக்கவில்லை.

அத்தானிடம் நீயே சொல்லிவிடு, அக்கா. அவர் இறங்குவதற்கு முன்பே, ஒரு மெயிலிலாவது. அவர் கத்துவார், பிறகு சோறு கேட்பார். அவ்வளவுதானே அவர்.

தம்பி


மார்ச் 27

டேய் தூங்குமூஞ்சி,

கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் போன் செய்யாதே. பல்லுக்கு மெருகு போடுகிறாயா? போடு, போடு. நாலு பேர் மென்று தின்றாவது உனக்குப் புண்ணியம் சேரட்டும்.

அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றி சொல்லவேண்டுமா என்று தெரியவில்லை. எனக்காக ஒரு பொய். உனக்குப் பழகிப்போன வேலைதான்.

உன் அத்தானுக்கு மெயிலில் சொல்லமுடியாது. நடுக்கடலில் இருக்கும் மனுஷனுக்கு இதை அனுப்பி, அவர் அந்தச் சூட்டில் இதையே நினைத்துக்கொண்டு எங்கேயாவது கையை விட்டால்? நான் வேறு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். வேறொரு வங்கியில் என் பெயருக்கு மட்டும் கணக்குத் திறந்துவிட்டேன், என் சம்பளம் இப்போது அங்கேதான் வருகிறது. முடங்கிக் கிடக்கும் தொகை அளவுக்கு அதில் சேர்ந்துவிட்டால், "பழைய வங்கி சரியில்லைங்க, மாத்திட்டேன்" என்று சொல்லிவிடலாம். அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். எப்படிச் சேரும் என்று கேட்காதே. கூடுதல் ஷிப்ட் பார்க்கிறேன்.

நேற்று மருந்தகத்தில் குளிர்பெட்டி மக்கர் பண்ணியது. இருந்த ஊசி மருந்தையெல்லாம் மூன்றாம் மாடிக்குத் தூக்கினோம், இன்னும் இடுப்பு நிமிரவில்லை. எனக்குத் துணைக்கு இருக்கிற கண்ணாடிக்காரி இருக்கிறாளே, நான் கொடுக்கும் மருந்தைச் சரிபார்த்துக் கவுண்டரில் கொடுப்பவள், அவள் ஒரு பெட்டியைத் தூக்கிவிட்டு மூன்று தடவை பெருமூச்சு விட்டாள். வாய் மட்டும் ஓயவில்லை.

உன்மேல் இன்னொரு கோபமும் பாக்கி இருக்கிறது. அன்றைக்குக் கேமரா முன்னால் எனக்கு ராணியும் பத்தும் வந்தது. உன் அட்டவணைப்படி கவிழ்த்துவிட்டேன். ஆறு பேர் மேசையில், அதுவும் எனக்கு முன்னால் மூன்று பேரும் விட்டபிறகு கடைசி நாற்காலியில் இருந்துகொண்டு, அதைப் போய் யாராவது கவிழ்ப்பார்களா? என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மனசுக்குள் சிரித்திருப்பாள். உருப்படாத அட்டவணை.

அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது?

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

அம்மாவின் கால் பரவாயில்லை. நான்தான் உன் கடிதத்தைப் படித்துவிட்டு லேபில் ஒரு முழு செட்டைக் கீழே போட்டு உடைத்தேன்.

நான் உனக்குக் கொடுத்தது ஒன்பது பேர் உட்காரும் மேசைக்கான அட்டவணை. தளத்துக்காரர்கள் அதைத்தான் திறப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்பது பேர் மேசையில் புதிதாக ஆடுகிறவன் நல்ல சீட்டு வரும்வரை பேசாமல் இருந்தால் போதும். ஆறு பேர் மேசை அப்படியில்லை. அங்கே பேசாமல் இருந்தால் கரைந்து போய்விடுவாய். சுமாரான சீட்டை எப்போது ஆடலாம், எந்த நாற்காலியில் இருந்து ஆடலாம் என்று கணக்கு வேறு. அதை நான் உனக்குச் சொல்லித்தரவே இல்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லித் தந்தாலும் மண்டையில் ஏறாது. உட்கார்ந்து, ஆடி, தோற்று, எரிந்துதான் அது வரும். எனக்கு எட்டு மாதம் ஆனது.

நவம்பரில் உனக்கு அது தெரியாது. மார்ச்சில் தெரிகிறது.

கூடுதல் ஷிப்ட் என்கிறாயே, அது எந்த மேசையில்?

அக்கா, இல்லை என்று எழுது. நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நாலு வார்த்தை திட்டி எழுது. அடுத்த தபாலிலேயே எழுது.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

இரண்டு தடவை உன்னைத் திட்டி எழுதினேன். இரண்டையும் கிழித்தேன். ஆமாம், ஆடுகிறேன்.

இங்கே இது குற்றமில்லை, தெரியுமா? என் பெயர், என் முகம், என் கணக்கு, என் வீடு. உன்னை மாதிரித் திருட்டுத்தனம் இல்லை. ஜனவரியில் வங்கியிலிருந்து திரும்பி வந்த அன்று, மனசு ஆறாமல் ஒரு தளத்தில் சேர்ந்தேன். என் பெயரில் மட்டும் இருந்த கடன் அட்டையை உடனே ஏற்றுக்கொண்டது. நீ இரண்டு வருஷம் குட்டிக்கரணம் அடித்தது எனக்கு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஒரு கதவாவது முட்டியிருந்தால் திரும்பியிருப்பேனோ என்னவோ.

முதல் வாரம் ஜெயித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்காகத்தான் ஆரம்பித்தேன். ஜூனுக்குள் அந்தத் தொகையைத் தேற்றிவிட்டால் அவருக்குத் தெரியவேண்டியதில்லை என்றுதான். பிறகு போனது. போனதைப் பிடிக்க ஆடினேன், அதுவும் போனது. இதெல்லாம் உனக்குச் சொல்லியா தெரியவேண்டும்?

சாப்பாட்டு வேளையில் மருந்தகத்தின் பின்னறையில், குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து போனில் ஆடுவேன். குற்றமில்லை என்று இவ்வளவு பெரிதாக எழுதினேனே, பிறகு ஏன் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறேன்? பாட்டுக் கேட்கிறேன் என்று கண்ணாடிக்காரியிடம் ஏன் சொல்கிறேன்?

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் வந்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், மாசா மாசம் வருவார், என்னை 'டாக்டரம்மா' என்பார். அரை மணிக்கு முன்னால் நான் இரண்டு ராஜாவை வைத்துக்கொண்டு தோற்றிருந்தேன். தலைக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மடங்கு வீரியமுள்ள, ஐந்து மில்லிகிராம் மாத்திரையை எடுத்து உறையில் போட்டுவிட்டேன். கண்ணாடிக்காரி பார்த்துவிட்டாள். "அக்கா, இது அஞ்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், மாற்றிக் கொடுத்தாள். பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பதினெட்டு வருஷமாக இந்தக் கை ஒரு மாத்திரை தவறியதில்லை.

உன்னை என்னென்ன பேசினேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நிறுத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமையே அந்தச் செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். நீ கவலைப்படாதே. உன் அத்தானிடம் மட்டும் மூச்சு விடாதே. என்மேல் சத்தியம்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

அழித்துவிட்டேன் என்கிறாய். நானும் அழித்திருக்கிறேன், பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் திரும்ப ஏற்றுவதற்குப் பல் தேய்க்கிற நேரம்கூட ஆகவில்லை.

நீ திட்டப்போகிறாய், திட்டு. அத்தானுக்கு எழுதிவிட்டேன். கப்பல் கம்பெனி முகவரிக்கு. அடுத்த துறைமுகத்தில் அவர் கையில் கொடுத்துவிடுவார்களாம். உன் அடையாள அட்டையை ஏமாற்றி வாங்கினேன், உனக்குத் தெரியாமல் உன் பெயரில் ஆடினேன், கணினி ஆபீஸ் வேலைக்கு என்று சொல்லிவைத்தேன், கணக்கு முடங்கியதற்கு நானே காரணம், அக்காவுக்கு எதுவுமே தெரியாது என்று எழுதினேன். கேமராவைப் பற்றி எழுதவில்லை. துவைக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுதவில்லை. இப்போது நீ ஆடுவதைப் பற்றி எழுதவே இல்லை.

ஏன் செய்தேன் என்றால், ஜூனுக்குள் தேற்றவேண்டும் என்ற அவசரம்தானே உன்னை உட்கார வைக்கிறது. இனி அந்த அவசரம் இல்லை. அவருக்குத் தெரியும், அவர் கையெழுத்துப் போடுவார், கணக்குத் திறக்கும். நீ ஆடுவதற்கு இனி ஒரு காரணமும் கிடையாது.

அவர் என்னை என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். நான் அதற்கு லாயக்கானவன்தான். நான் உனக்குச் சீட்டு சொல்லித்தந்த அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் லேபில் தலை தூக்கமுடியவில்லை. "சபாஷ்க்கா, உனக்கு நல்லா வருது" என்று வேறு சொன்னேன்.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. மன்னித்துக்கொள்.

உன் அத்தான் ஜூன் 3 வந்துவிட்டார். உன் கடிதம் துறைமுகத்திலேயே அவருக்குக் கிடைத்திருக்கிறது. பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை, வாசலில் நின்று, "உன்னையும் ஏமாத்திட்டானா அந்தப் பய?" என்றார். நான் அழுதேன். என்னைத் தட்டிக்கொடுத்தார். "நீ ஏன் அழறே? தம்பின்னு நம்பினது ஒரு தப்பா? அவன் இனிமே இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்றார். நான் தலையாட்டினேன்.

ஆமாம், தலையாட்டினேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல இரண்டு விநாடி போதும். சொல்லவில்லை.

மறுவாரம் வங்கிக்குப் போனோம். அதே அதிகாரி. இவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "சார், என் மனைவிக்கு இதுல எதுவுமே தெரியாது. மருந்து கொடுக்கற வேலை, மனுஷங்களை நம்பியே பழகிட்டா" என்றார். அந்த அதிகாரி என்னைப் பார்த்து, "சாரி மேடம்" என்றான். என்னிடம் மன்னிப்புக் கேட்டான்டா! நான் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டோம். ஒரே வாரத்தில் கணக்குத் திறந்தது. நீ சொன்ன மாதிரியே எல்லாம் ஆனது.

அம்மாவுக்கு அவர் போன் செய்து உன்னைப் பேசிய பேச்சை நீ கேட்டிருப்பாய். அப்போது நான் பக்கத்தில் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தேன். போனை என்னிடம் கொடுத்தார். அம்மா, "நீயாவது சொல்லேன்டி, அவன் அவ்வளவு மோசமா?" என்றாள். "விடும்மா" என்றேன். உனக்காக நான் பேசியது அந்த ஒரு வார்த்தை.

தினமும் சாப்பிடும்போது உன்னைத் திட்டுவார். நான் உப்பு போதுமா என்று கேட்பேன். நீ எனக்காகச் சுமப்பது எனக்குப் பழகிக்கொண்டே வந்தது. இனி இந்த முகவரிக்கு எழுதாதே, மருந்தகத்துக்கு எழுது என்று உனக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன். கைப்பையிலேயே மூன்று நாள் வைத்திருந்தேன். அதைத் திரும்ப எடுத்துப் படித்தபோதுதான் எனக்கு என் லட்சணம் தெரிந்தது.

நேற்று மத்தியானம் அவர் பால்கனியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கடையில் ஏதோ வாங்கவேண்டும் என்று சொல்லத்தான் போனேன். சொல்ல ஆரம்பித்தது வேறு. வாடகை வாங்கியது, இயந்திரம், கேமரா முன்னால் உட்கார்ந்தது, எனக்கு அது பிடித்துப்போனது, பின்னறை, அந்தப் பெரியவர். நீ எழுதியது பொய் என்று சொன்னேன். "எனக்காகத்தான் அவன் தன்மேல போட்டுக்கிட்டான்" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்வாரா என்று பார்த்தேன், சொல்லவில்லை. கத்துவார் என்று பார்த்தேன், கத்தவும் இல்லை. பாதி நகம் வெட்டிய கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "கடைசியா எப்ப ஆடினே?"

உனக்கு ஏப்ரல் என்று எழுதியிருக்கிறேன். நீ அதை நம்பினாயோ இல்லையோ, எழுதினேன். கணக்குத் திறந்துவிட்டது, அவர் வந்துவிட்டார், தேற்றவேண்டிய தொகை என்று எதுவும் இல்லை, எந்தக் காரணமும் இல்லை. அவரிடமும் ஏப்ரல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நேத்து" என்றேன்.

அவர் நகவெட்டியை மடக்கிப் பால்கனிச் சுவர்மேல் வைத்தார். பிறகு கையை நீட்டினார். போனைக் கொடுத்துவிட்டேன். உன் எண்ணைத் திறக்கச் சொல்லிவிட்டேன், ஆனால் நீ கூப்பிட்டால் அவர்தான் எடுப்பார். கூப்பிடு. இந்தக் கடிதத்தையும் அவர்தான் தபாலில் போடப்போகிறார், ஒட்டாமல் கொடுக்கிறேன்.

அக்கா